அந்த முல்லைக்கொடி பற்றிக் கேட்டவர்களுக்கு



போன வாரம் மாடியில் பூத்த முல்லையைப் படம் எடுத்துப் போட்டாலும் போட்டேன், இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. "டீச்சர், குச்சி வெட்டி வைத்தால் வருமா?", "நான் மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் கருகிப்போச்சு", "அத்தை, ஒரு கட்டிங் கொடுங்க". ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத விரலில் தெம்பில்லை. அதனால் மொத்தமாக இங்கே. செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் இருப்பதைப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கொடியின் கதையைச் சொல்லாமல் செய்முறையைச் சொல்ல எனக்கு வரவில்லை. சொந்தக்காரர்களில் சிலருக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கொல்லையில் கிணறு, கிணற்றை ஒட்டி மூங்கில் பந்தல், பந்தல் மேல் முல்லை. அம்மா சாயங்காலம் நாலரை மணிக்கு மொட்டுப் பறிக்க முறத்தோடு போய்விடும். இருட்டினால் பூ மலர்ந்துவிடும், மலர்ந்த பிறகு தொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். வாழைநாரில் தொடுத்து, சாமிக்கு ஒரு துண்டு, எனக்கும் அக்காவுக்கும் ஒரு துண்டு, மிச்சம் தெருவில் கேட்பவர்களுக்கு.

பூவை மட்டுமில்லை, கொடியையும் அம்மா எல்லாருக்கும் கொடுக்கும். கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்கு வடபுறம் உடைந்த பானைகள் ஏழெட்டு எப்போதும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நாலு குச்சி. யார் வீட்டில் கல்யாணம், யார் புது வீடு கட்டுகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு வேர்விட்டதைக் கொடுத்தனுப்பும். நான் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு வந்து, "அம்மா, அந்த இடத்தில் நேர் வெயில் இல்லை, ஈரக்காற்று இருக்கு, அதனாலதான் உனக்கு வருது" என்று விளக்கினேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது தெரியாமலா அங்க வச்சேன்?" என்றது.

1984-ல் கல்யாணமாகிக் கடலூருக்கு வரும்போது ஈரத்துணியில் சுற்றிய இரண்டு குச்சிகளை அம்மா என் மடியில் வைத்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது பஸ் சூட்டில் துணி காய்ந்துவிட்டதோ என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒன்று பிழைத்தது. மஞ்சக்குப்பம் வீட்டில் அது 27 வருஷம் பூத்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பூ கொடுத்திருக்கிறேன். படிக்கிற உங்களில் பலர் தலையில் அந்தப் பூ இருந்திருக்கிறது.

2011 டிசம்பர் 30. தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு என் வீட்டு முல்லை ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து வீட்டுத் தென்னை பந்தல் மேல் விழுந்தது. விழாத கொடிகளிலும் கடல் உப்புக் காற்று பட்டு இலையெல்லாம் தீய்ந்து போயிருந்தது. அடித்தண்டு தப்பித்தது, தையில் துளிர்த்தது. அப்புறம் 2015 நவம்பர் வெள்ளம். கொல்லையில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. புயலைத் தாங்கிய வேர் தேங்கிய தண்ணீரைத் தாங்கவில்லை. வேரும் மூச்சு விட வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். செம்மண் மேடு போட்டு வைத்திருக்கலாம். போடவில்லை.

அன்றைக்கு எனக்குப் பெரிய வருத்தமில்லை. சிதம்பரத்தில்தான் தாய்க்கொடி இருக்கிறதே, அடுத்த தடவை போகும்போது வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அம்மா படுக்கையில் விழுந்தது, நான் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன், திங்கட்கிழமை பள்ளிக்கூடம். மற்ற ஆறு நாளும் பார்த்துக்கொண்டது தம்பியும் அவன் மனைவியும். 2018 ஜனவரியில் அம்மா போய்விட்டது.

காரியத்தன்றுதான் வீட்டை விற்கப்போவதாகத் தம்பி சொன்னான். நான் கத்தினேன். வந்திருந்த உறவுகள் எல்லார் முன்னாலும், இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா எப்பப் போகும்னு பார்த்துக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டேன். அங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷ ஆஸ்பத்திரிச் செலவில் அவன் எவ்வளவு கடன் வாங்கியிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. அக்கா நடுவில் நின்று தூது போய் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

2019 ஏப்ரலில் வீடு கைமாறியது. வாங்கியவர் ஆனியில் இடித்துக் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு, மே மாதம் ஒரு காலையில் பாசஞ்சர் ரயில் ஏறிப் போனேன். தம்பி அண்ணாமலை நகருக்குக் குடிபோய்விட்டிருந்தான். அவனிடம் சொல்லவில்லை. வீடு பூட்டியிருந்தது, கொல்லைப்பக்கப் படல் வழியாக நுழைந்து 38 குச்சிகள் வெட்டினேன். திருடி வைத்த செடிதான் நன்றாக வளரும் என்பார்கள் நம் ஊரில். 58 வயசு ரிட்டயர்டு டீச்சர், கையில் கவாத்துக் கத்தரி, திருட்டு.

பத்தாம் நாள் 38-ல் 31 குச்சி துளிர்த்தது. இங்கேதான், இதே பக்கத்தில், படம் போட்டு "அம்மா வந்துவிட்டாள்" என்று எழுதினேன். 200 பேருக்கு மேல் லைக் போட்டீர்கள். நாலாவது வாரம் 31-ம் கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் ஒன்றில்கூட வேர் இல்லை. அடி கறுத்து அழுகியிருந்தது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நல்ல பிள்ளைகள்.

உங்களில் மூன்று தடவை கருகியவர்களுக்கும் நடந்தது இதேதான். துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். குச்சிக்குள் மாவுச்சத்து கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும். மொட்டு அதைத் தின்றுதான் இலை விடுகிறது. இலை விரிந்ததும் அதன் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகும். கீழே இருந்து எடுத்துக் கொடுக்க வேர் கிடையாது. வரவு இல்லை, செலவு மட்டும். நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன்: அக்னி நட்சத்திரத்தில் வெட்டினேன். பூத்துக்கொண்டிருந்த கிளைகளை வெட்டினேன். அதன் சத்தெல்லாம் ஏற்கெனவே பூவுக்குப் போயிருந்தது. பாதிக் குச்சிகள் நுனியின் பச்சைத் தண்டு. மொட்டை மாடியில் வைத்தேன். பயத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்றினேன். 32 வருஷம் போத்து நடுதலும் பதியம் போடுதலும் கரும்பலகையில் படம் வரைந்து நடத்தியவள்.

சரியான முறைக்கு வருவோம்.

முல்லைக்கு ஆடி முதல் ஐப்பசி வரை நல்ல காலம், அடைமழை நாட்களை விட்டுவிட்டு. காலையில், கொடியில் நீர் நிறைந்திருக்கும்போது வெட்டுங்கள். பச்சையும் வேண்டாம், மரத்துப்போன பழுப்பும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், வளைத்தால் கொஞ்சம் வளைந்து அப்புறம் 'டப்' என்று ஒடிகிற பருவம். பூ இல்லாத கிளை. ஒரு சாண் நீளம் கூட வேண்டாம், 15 சென்டிமீட்டர் போதும், மூன்று அல்லது நாலு கணு இருக்கணும். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல் வெட்டு நேராக. சாய்வு எதற்கு என்றால், நடும்போது எது தலை எது கால் என்று குழம்பாமல் இருக்க. சிரிக்காதீர்கள், இலை உதிர்த்த பிறகு எனக்கே குழம்பியிருக்கிறது. தலைகீழாக நட்டால் வராது. நுனியில் சுரக்கும் ஆக்சின் தண்டில் கீழ்நோக்கித்தான் நகரும். வெட்டுப்பட்ட அடிமுனையில் அது தேங்குகிறது; அங்கே இருக்கிற செல்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. 1880-ல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளையின் நுனியை மூடியும் வெட்டியும் பார்த்து, நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று சொன்னார்கள். 1928-ல் வென்ட் அதை ஓட்ஸ் முளையில் நிரூபித்தார். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி, ஞாபகம் இருக்கிறதா? அம்மா இரண்டையும் படிக்கவில்லை. ஒரு குச்சியையும் தலைகீழாக நட்டதுமில்லை.

கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே ஒரு ஜோடி மட்டும் விடுங்கள். அதையும் பாதியாகக் கத்தரிக்கலாம். ஆற்றுமணல் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசி உப்புப் போக்கிவிட்டுக் கலக்குங்கள். எரு வேண்டாம், வேர் இல்லாததற்குச் சாப்பாடு எதற்கு, அழுகத்தான் செய்யும். பென்சிலால் முதலில் குழி போட்டு அப்புறம் குச்சியை இறக்கணும், நேராகக் குத்தினால் தோல் உரியும். இரண்டு கணு மண்ணுக்குள். தண்ணீர் விட்டு, அடி அறுத்த பெரிய வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்து மூடுங்கள். வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை என்கிற இடம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து காற்று விடணும். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

அப்புறம் சும்மா இருக்கணும். அதுதான் கஷ்டம். 30 நாள் முதல் 45 நாள் வரை பிடுங்கிப் பார்க்காமல் இருக்கணும். லேசாக இழுத்துப் பார்க்கும்போது குச்சி பிடிவாதம் பிடித்தால் வேர் வந்துவிட்டது.

வேர்விடும் பொடி நர்சரியில் கிடைக்கும், போட்டால் நல்லதுதான். கற்றாழைச் சாறு தொட்டு ஆறும் தொடாமல் ஆறும் வைத்துப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இளநீர் ஊற்றலாமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ஊற்றாதே கண்ணு, நீ குடி. அந்தச் சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சையும்தான் வரும்.

மற்ற கொடிகள் பற்றிக் கேட்டவர்களுக்கு வேகமாக: காகிதப்பூவுக்குப் பென்சில் தடிமன் முற்றிய குச்சி. பூண்டுக்கொடி சொன்னபடி கேட்கும், எப்படி வைத்தாலும் வரும். ரங்கூன் மல்லிக்குப் பக்கக் கன்று கிளம்பும், வேரோடு பெயர்த்துக்கொள்ளுங்கள், குச்சியைவிட அது சுலபம். அல்லமண்டாவை வெட்டினால் பால் வரும், விஷம், கையைக் கழுவுங்கள். (பிச்சாவரம் கூட்டிப்போனபோது தில்லை மரத்துப் பால் கண்ணில் படக் கூடாது என்று நான் போட்ட சத்தம் அந்த 2003 செட்டுக்கு ஞாபகம் இருக்கும்.) சங்குப்பூவுக்கு விதை போடுங்கள். மனோரஞ்சிதம் குச்சியில் என்னை ஏழு தடவை தோற்கடித்திருக்கிறது. அதைப் பற்றி நான் பேசமாட்டேன்.

இனி மிச்சக் கதை.

2019 ஆனியில் வீட்டை இடித்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. முல்லை கடையில் கிடைக்கிற பூதான், நர்சரியில் கிடைக்கிற செடிதான். அருமைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நர்சரியிலிருந்து ஒன்று வாங்கியும் வைத்தேன். நன்றாகவே பூத்தது. ஆனால் விதையில் முளைத்தது வாரிசு. குச்சியில் வந்தது வாரிசு இல்லை, அதே செடி. 1984-ல் என் மடியில் இருந்ததும் அம்மா பந்தலில் இருந்ததும் ஒரே உயிர், இரண்டு இடத்தில். இதையும் நான்தான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

போன வருஷம் ஜூலையில் தம்பி மகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் முல்லை. அடியில் "ஆயாவோட பூ" என்று எழுதியிருந்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் ஆறேகால் மணிக்குப் போன் செய்தேன்.

"யாரு?" என்றான். நம்பரை அழித்துவிட்டானோ, வேண்டுமென்றே கேட்டானோ.

"நான்தான்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ குக்கர் வைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லுக்கா."

"முல்லை பூத்திருக்காமே."

"ஆமா. அம்மாவோடதுதான்."

"குச்சி வேணும்."

"வந்து வெட்டிக்க. எனக்கு வெட்டத் தெரியாது."

ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் போனேன். தம்பி மனைவி காபி கொடுத்தாள். அவன் மாடிக்குக் கூட்டிப்போய்த் தூரமாக நின்றான். பழைய சிமென்ட் தொட்டி, அதில் கட்டைவிரல் தடிமனுக்கு அடித்தண்டு. செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றாதவனிடம் இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

அம்மா படுக்கையில் இருக்கும்போது சொல்லியிருக்கிறது. கொடியை வளைத்துத் தொட்டி மண்ணுக்குள் அமுக்கி, மேலே செங்கல் வை, இரண்டு மாதம் தொடாதே. பதியம். குச்சியைவிடப் பத்திரமான வழி. தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருக்கும், வேர்விட்ட பிறகு அறுத்துக்கொள்ளலாம். அம்மா மனசு கோணக் கூடாது என்று செய்தானாம்.

"ரெண்டு தொட்டி போட்டேன்க்கா. ஒண்ணு உனக்குன்னு சொல்லிச்சு. உங்க வீட்டுது வெள்ளத்துல போயிடுச்சுன்னு அதுக்குத் தெரியும்ல. காரியத்தன்னிக்கு உன் கார்ல ஏத்தி விடலாம்னு வாசல்ல கொண்டாந்து வச்சிருந்தேன்."

அந்தத் தொட்டியை நான் பார்த்திருக்கிறேன். திண்ணை ஓரத்தில் இருந்தது. கோபத்தில் வெளியே வரும்போது என் புடவை அதில் மாட்டி, இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒண்ணு இங்க வந்தப்புறம் பட்டுப்போச்சு," என்றான். "உன்னுதா என்னுதான்னு தெரியல."

கத்தரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. இரண்டு குச்சி வீணாகிவிட்டது. அவன் ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ மே மாசம் வந்து வெட்டிக்கிட்டுப் போனது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. ஃபேஸ்புக்ல போட்டதையும் பார்த்தேன். அந்த வெயில்ல வராதுன்னு எனக்கே தெரிஞ்சுது. போன் பண்ணிச் சொல்லலாம்னு பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நாமதான் பேசிக்கலையே."

அன்று 12 குச்சி கொண்டுவந்தேன். மேலே சொன்ன முறையில் வைத்தேன். ஏழு வேர்விட்டன. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்த அந்த வாரம் முழுக்க ஏழு தொட்டியும் என் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் தடுக்கிக்கொண்டார். ஒன்றும் சாகவில்லை. நீங்கள் படத்தில் பார்த்தது அதில் ஒன்று. அக்காவுக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று போயாகிவிட்டது.

வீட்டுப் பணம் பற்றி நானும் அவனும் இன்னும் பேசவில்லை. காரியத்தன்று நான் கேட்ட கேள்விக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

கேட்டவர்களுக்கு: பெரிய கொடியிலிருந்து இந்த ஐப்பசியில் ஒரு ஈடு குச்சி போட்டிருக்கிறேன். மார்கழி தொடக்கத்தில் கொடுக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். கடலூர் வருகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள். கூரியரில் அனுப்பமாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவுக்கு வரும்போது பூ வைத்துக்கொள்ளலாம், குச்சியை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஜனவரி கடைசி வாரம் மட்டும் நான் ஊரில் இருக்கமாட்டேன். முல்லைக்கு அப்போதுதான் கவாத்து. தம்பி வீட்டுக் கொடி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு இறங்கிவிட்டது, அவனுக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது.